கலைச்சொல் தேவை: தணிக்கைப் பரிந்துரையின் 'ஃபாலோ-அப்'

க.:
உள்ளாட்சி அமைப்புகளின் உள்தணிக்கைப் பிரிவுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. அறிக்கை கொடுத்தபின், அதில் சொன்ன பரிந்துரைகள் நிறைவேறினவா என்று தணிக்கையாளர் திரும்பப் போய்ப் பார்க்கிறாரே, அந்த 'ஃபாலோ-அப்'. வரைவில் 'தொடர்நடவடிக்கை' என்று இருக்கிறது. பரிந்துரைப் பதிவேட்டிலோ அடுத்தடுத்து இரண்டு கலங்கள்: துறை என்ன செய்தது, தணிக்கையாளர் அதைச் சோதித்து என்ன முடிவுக்கு வந்தார். இரண்டின் தலைப்பிலும் ஒரே சொல்லைப் போட்டால் இரண்டையும் துறையே நிரப்பி அனுப்பிவிடும். சொல் கொடுங்கள்.

செ.:
பின்தணிக்கை. சுருக்கம், தெளிவு.

ம.:
ஐயா, பின்தணிக்கை ஏற்கெனவே குடியேறிவிட்ட சொல். பணம் கொடுக்குமுன் பட்டியலைப் பார்ப்பது முன்தணிக்கை, கொடுத்தபின் பார்ப்பது பின்தணிக்கை. 'தொடர்தணிக்கை'யும் ஆகாது, அது ஆண்டு முழுக்க இடைவிடாமல் நடப்பது. 'மறுதணிக்கை' என்றால் முதல் தணிக்கையே செல்லாது என்று பொருளாகிவிடும்.

வே.:
நண்பர்களே, தணிக்கை என்பதே தமிழில்லையே! அரபி 'தன்கீஹ்' உருது வழியாக வந்தது. தெலுங்கில் 'தனிக்கீ' என்று இன்னும் மூல ஒலிக்கு நெருக்கமாக இருக்கிறது. அடித்தளத்தைச் சரிசெய்யாமல் மாடி எதற்கு? இலங்கைத் தமிழில் அழகாகக் கணக்காய்வு, உள்ளகக் கணக்காய்வு என்கிறார்கள். அதிலிருந்து 'பின்னாய்வு' என்று எடுத்துக்கொள்ளலாம்.

செ.:
தணி என்ற வினையடியே இருக்கும்போது அரபிக்கு ஏன் ஓட வேண்டும்? மிகையைத் தணிப்பது தணிக்கை. திரைப்படத் தணிக்கையும் அதைத்தானே செய்கிறது?

வே.:
ஒலி ஒத்துப்போனால் வேர் ஆகிவிடுமா? கணக்கைச் சரிபார்ப்பவர் எதையும் தணிப்பதில்லை. பெரும்பாலும் சூடேற்றிவிட்டுத்தான் வருகிறார்.

ம.:
வேரைப் பிறகு தோண்டுவோம், முதலில் வேலையைப் பாருங்கள். ஒரு பரிந்துரை: 'வரி வசூலை மறு வேலைநாளுக்குள் வங்கியில் செலுத்த வேண்டும், மாதந்தோறும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் (நம் கணக்கு இருப்பையும் வங்கி காட்டும் இருப்பையும் ஒப்பிடுவது) தயாரித்துக் கணக்கு அலுவலர் ஒப்பமிட வேண்டும்.' துறையின் பதில்: 'சுற்றறிக்கை அனுப்பப்பட்டது, தணிக்கை அறிக்கையின் இப்பத்தியைக் கைவிடக் கோரப்படுகிறது.' சுற்றறிக்கை போனது உண்மையாகவே இருக்கட்டும், அதை வைத்து 'நிறைவேறியது' என்று எழுத முடியாது. அதன் தேதிக்குப் பிந்தைய மூன்று மாதப் பட்டியல்களையாவது கேட்டு வாங்க வேண்டும். ரசீதுப் புத்தகங்களிலிருந்து 20, 25 ரசீதுகளை எடுத்து, ரசீது தேதிக்கும் வங்கிச் சலான் தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று பார்க்க வேண்டும். தீராத வேறுபாடு ஒன்று மாதாமாதம் அப்படியே இழுத்துவரப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மூன்று மாதப் பட்டியலிலும் ஒப்பம் ஒரே நாளில், ஒரே மையில் விழுந்திருந்தால், அதுவும் நமக்குத் தேவையான செய்திதான்.

இதில் துறையின் வேலை எது, தணிக்கையாளரின் வேலை எது என்பது பளிச்சென்று தெரிகிறதல்லவா? அந்தப் பிரிவு சொல்லிலும் தெரிய வேண்டும். 2025 ஜனவரி 9 முதல் நடைமுறையில் உள்ள உலகளாவிய உள்தணிக்கைத் தரநிலைகளில் 15.2ஆவது தரநிலையின் தலைப்பே நிறைவேற்றத்தை 'உறுதிசெய்தல்' பற்றியதுதான். முந்தைய தொகுப்பில் 2500ஆம் எண்ணில் முன்னேற்றத்தைக் 'கண்காணித்தல்' என்று இருந்தது. கண்காணிப்பது வேறு, உறுதிசெய்வது வேறு.

நி.:
அப்படியானால் 'நிறைவேற்றச் சரிபார்ப்பு'? 'மேல்நடவடிக்கை' மட்டும் வேண்டாம். மேல்நடவடிக்கை எடுக்கப்படும் என்று படித்தாலே எழுத்தர் குறிப்பாணைதான் வரப்போகிறது என்று பயப்படுவார். 'தடை நீக்க'மும் பொருந்தாது. தடை என்பது கணக்கின் மீது எழுப்பும் ஆட்சேபம். பரிந்துரையைத் தடை என்றால் துறை அதைத் தற்காப்பாகத்தான் எதிர்கொள்ளும்.

வே.:
'நிறைவேற்றச் சரிபார்ப்பு' நாக்கைச் சுளுக்கும், கலத்தின் அகலத்திலும் அடங்காது. தொடர்ச்சரிபார்ப்பு?

செ.:
நடுவில் ச் எதற்கு? தொடர் இங்கே வினையடி, வினைத்தொகையில் வல்லினம் மிகாது. தொடர்கதையைத் தொடர்க்கதை என்றா எழுதுகிறோம்? இலக்கணத்தையே வைத்துச் சொல் வேண்டுமென்றால் நான் தருகிறேன்: முழுதும் செய்த பரிந்துரை வினைமுற்று, பாதி செய்தது வினையெச்சம், திரும்பப் போய்ப் பார்ப்பது எச்ச ஆய்வு!

நி.:
எச்ச ஆய்வுக்குப் பறவையியல் துறையில் நல்ல வரவேற்பு கிடைக்கும், ஐயா.

க.:
சிரித்தது போதும், நிலைக் குறியீடுகளையும் முடிக்க வேண்டும். இப்போது இருப்பவை: நிறைவேறியது, பகுதி நிறைவேறியது, நிறைவேறவில்லை, காலாவதியானது.

ம.:
'காலாவதியானது' வேண்டாம், அம்மா. கெடு தேதி தாண்டிய பரிந்துரையைத் துறையினர் அதில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். பழைய மென்பொருளையே எடுத்துவிட்டார்கள், அதைப் பற்றிய பரிந்துரைக்கு இனி வேலையில்லை, அது மட்டும்தான் இதில் வர வேண்டும். 'இனிப் பொருந்தாது' என்று போடுங்கள், காரணம் எழுதத் தனிக் கலமும் வையுங்கள். கெடு தேதிக்கும் இரண்டு கலம் தேவை: முதலில் ஒப்புக்கொண்ட தேதி, திருத்திய தேதி. ஒரே கலமாக இருந்தால் ஒவ்வொரு நீட்டிப்பும் பழைய தேதியை அழித்துவிடும். ஈராண்டு நிலுவை போன மாதம் பிறந்ததுபோல் நிற்கும். பொறுப்பாளர் கலத்தில் பெயரோடு பதவியும் வேண்டும். ஆள் மாறுதலில் போனால் பரிந்துரை அனாதையாகிவிடக் கூடாது.

வே.:
காலாவதியும் வடமொழிதான், போகட்டும்.

நி.:
ஐந்தாவது நிலை ஒன்று விட்டுப்போயிற்று. 'செய்ய மாட்டோம், அதனால் வரும் இடரை நாங்களே ஏற்கிறோம்' என்று நிர்வாகம் சொன்னால்? 'நிறைவேறவில்லை' என்று எழுதினால் ஆண்டுக்கணக்கில் நிலுவைப் பட்டியலில் தொங்கும்.

ம.:
'இடர் ஏற்கப்பட்டது.' ஆனால் அதைப் பிரிவு அலுவலர் மட்டத்தில் எழுதவிடக் கூடாது. நிர்வாகத் தலைவர் எழுத்தில் தர வேண்டும். இடர் தாங்க முடியாத அளவு என்று தணிக்கைத் தலைவர் கருதினால், நிர்வாகத் தலைவரிடம் பேசியும் தீராதபோது தணிக்கைக் குழுவுக்கோ மன்றத்துக்கோ கொண்டுபோக வேண்டும்.

க.:
இதுவரை வந்ததைத் தொகுக்கிறேன். துறைக் கலம்: தொடர்நடவடிக்கை. தணிக்கையாளர் கலம்: நிறைவேற்றச் சரிபார்ப்பு. ம., நி. இருவரும் ஆதரவு, செ. ஐயா 'சரி, போகட்டும்' என்று தனி அஞ்சலில் சொல்லிவிட்டார். அகலம் போதாவிட்டால் தலைப்பை இரண்டு வரியாக மடக்கலாம்.

வே.:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னாய்வு ஐந்தே எழுத்து, எந்தக் கலத்திலும் அடங்கும், வேறு எந்தத் தணிக்கைச் சொல்லோடும் மோதாது. 'துறை தானே சரிபார்த்துக்கொண்டது' என்று நாளை அந்தக் கலத்தையும் துறையே நிரப்பி அனுப்பினால் என்ன செய்வீர்கள்? சரிபார்ப்பு யார் வேண்டுமானாலும் செய்வது, ஆய்வு அப்படியில்லை.

ம.:
அது நியாயமான கேள்வி. கலத் தலைப்புக்குக் கீழே 'தணிக்கையாளர் மட்டும் நிரப்புக' என்று சிறு எழுத்தில் சேர்த்துவிடுங்கள், அம்மா.