மீடியா க்ளாஸுக்கு மாணவர் பத்திரிகை அட்டை டிசைன் பண்றேன், எழுத்தும் படமும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுது, எங்கேர்ந்து சரி பண்றது?

நீலமை:

வணக்கம் மக்களே. மீடியா க்ளாஸ்ல ஒரு மாணவர் பத்திரிகைக்கு முன் அட்டை டிசைன் பண்ணச் சொல்லியிருக்காங்க. ஏ4 சைஸ். பத்திரிகை பேரு, உள்ள என்ன வரும், யாரு படிப்பாங்க எல்லாம் நாமளே முடிவு பண்ணிக்கலாம், ஆனா போட்டோ மட்டும் கண்டிப்பா நாமளே எடுத்ததா இருக்கணும், அதோட ஏன் இப்படி டிசைன் பண்ணோம்னு ஒரு பக்கத்துக்கு எழுதியும் குடுக்கணும்.

பேரு 'முதல்மணி'ன்னு வச்சிருக்கேன். மெயின் கதை மாணவர்கள் ராத்திரி சரியா தூங்காம இருக்கறதப் பத்தி. ஃப்ரெண்டை லைப்ரரில உக்கார வச்சு சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தேன், போட்டோ தெளிவாதான் வந்திருக்கு, பின்னாடி புக் ஷெல்ஃப் முழுசா தெரியும். அதுமேல தலைப்பு, அதாவது பத்திரிகை பேரு, அப்புறம் உள்ள என்ன கதை இருக்குன்னு சொல்ற ஏழு கவர் லைன் (எக்ஸாம் டிப்ஸ், விளையாட்டு, ஒரு பேட்டி, சினிமா, இன்னும் சிலது), ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர், ஃபான்ட் நாலு.

டீச்சர் பாத்துட்டு "கண்ணு எங்க போறதுன்னே தெரியல"ன்னு சொன்னாங்க. எழுத்தெல்லாம் ஷெல்ஃப் மேல விழுந்து படிக்க முடியல, பின்னாடி வெள்ளைப் பட்டை போட்டா ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு, நிழல் குடுத்தா இன்னும் கசகசன்னு ஆயிடுது. எதை முதல்ல மாத்தணும்? இது நல்லா வரணும்னு ரொம்ப ஆசையா இருக்கு, விவரமா சொன்னாலும் பொறுமையா படிப்பேன்.

பக்கக்கட்டு:

உங்க டீச்சர் கரெக்டான இடத்துல கை வச்சிருக்காங்க. ஃபான்ட், கலர், நிழல் எதையும் இப்போ தொடாதீங்க, அதுல இல்ல விஷயம். போட்டோவ எடுத்து முடிச்சிட்டு எழுத்துக்கு அப்புறமா இடம் தேடினா எப்பவுமே இப்படித்தான் ஆகும், ஏன்னா அந்த போட்டோல எழுத்துக்குன்னு யாரும் இடமே விடல. அட்டைன்னா எழுத்தும் படமும் சேர்ந்து ஒரே படம், அதனால எடுக்கறதுக்கு முன்னாடியே எழுத்து எங்க உக்காரும்னு தெரிஞ்சிருக்கணும்.

ஒரு வெள்ளை பேப்பர்ல ஏ4 விகிதத்துல சின்னச் சின்ன கட்டமா ஆறு எட்டு போட்டு, பென்சிலால மேல தலைப்புக்கு ஒரு பட்டை, முகத்துக்கு ஒரு வட்டம், மெயின் வரிக்கு ரெண்டு கோடு, மத்ததுக்கு மெல்லிசா கோடு, இவ்வளவுதான் வரையணும். வரையத் தெரியணும்னு அவசியமே இல்ல. வட்டம் இடது பக்கம் வந்தா வரி எங்க போகுது, நடுவுல வந்தா எங்க போகுதுன்னு பத்து நிமிஷத்துல புரிஞ்சிடும். அதுல ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போயி, அந்த பேப்பரை கையில வச்சிக்கிட்டே போட்டோ எடுங்க.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு பெரிசாப் படுது. மெயின் கதை தூக்கம் இல்லாததப் பத்தி, ஆனா அட்டைல ஒருத்தர் பகல் வெளிச்சத்துல சிரிச்சிக்கிட்டு இருக்காரு. படம் ஒரு கதை சொல்லுது, எழுத்து வேற ஒரு கதை சொல்லுது, பாக்கறவங்க எதை நம்புவாங்க? கண்ணு நிக்காததுக்கு பாதிக் காரணம் அதுதான்னு நினைக்கிறேன். போட்டோவ திரும்ப எடுங்க, அந்தக் கதைக்காகவே எடுங்க.

கவர் லைன் ஏழு வேண்டாம். மெயின் வரி ஒண்ணு பெருசா, அதுக்குக் கீழ ஒரு விளக்க வரி சின்னதா, கூட ரெண்டோ மூணோ வேற கதை. அளவுல நல்ல வித்தியாசம் காட்டுங்க, தலைப்பு 100ன்னா மெயின் வரி 50, மத்தது 20 அந்த மாதிரி. 50, 45, 40ன்னு பக்கத்து பக்கத்து சைஸ்ல வச்சா எது முக்கியம்னு யாருக்கும் தெரியாது. ஃபான்ட் ரெண்டு போதும், கலர் போட்டோக்குள்ள இருந்தே ஒண்ணு எடுங்க, கூட வெள்ளையோ கருப்போ.

ஒளிப்பொட்டு:

பக்கக்கட்டு சொன்னதோட நான் போட்டோ பக்கம் மட்டும் சொல்றேன்.

தூக்கம் இல்லாத கதைக்கு எனக்கு உடனே தோணுறது இருட்டு ரூம், படுத்திருக்கற ஒருத்தர், மொபைல் வெளிச்சம் மட்டும் முகத்துல. எல்லாருக்கும் தெரிஞ்ச காட்சி, பாத்த உடனே புரியும், அதுவும் இல்லாம சுத்தி இருட்டா இருக்கறதால எழுத்து வைக்க இடம் தானா கிடைச்சிடும், வெள்ளைப் பட்டை நிழல் எதுவுமே தேவைப்படாது.

ஆனா நிஜமாவே மொபைல் வெளிச்சத்துல மட்டும் எடுத்தீங்கன்னா புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும், கலரும் செத்துப்போயிடும். அதனால ஏமாத்தணும். அவங்க கையில இருக்கற மொபைல்ல வெறும் வெள்ளைப் படம் ஒண்ணைத் திறந்து ப்ரைட்னஸ் முழுசா வைங்க, அது பத்தலன்னா ஃப்ரேமுக்கு வெளியில ஒரு டேபிள் லேம்ப்பை வச்சு வெள்ளைத்தாள்ல பட்டு முகத்துக்கு வர்ற மாதிரி திருப்புங்க. வெளிச்சம் மொபைல் இருக்கற திசைலேர்ந்தே வரணும், இல்லன்னா பாக்கறவங்களுக்கு காரணம் சொல்லத் தெரியாது ஆனா ஏதோ பொய்யா இருக்குன்னு தோணும். எடுக்கற மொபைலை கையில புடிக்காதீங்க, ஸ்டாண்டு இல்லன்னா புக்கை அடுக்கி அதுமேல சாச்சு வச்சு டைமர் போடுங்க.

ரொம்ப கிட்டப் போயி எடுத்தா மூக்கு பெருசாகி முகம் கோணும், ரெண்டு மூணு அடி பின்னாடி வந்து 2எக்ஸ் லென்ஸ் இருந்தா அதுல எடுங்க. மேல நிறைய காலி இடம் விடுங்க, எடுக்கும்போது "இவ்வளவு காலியா இருக்கே"ன்னு தோணும், தலைப்பு வச்ச பிறகுதான் அது சரியான அளவுன்னு தெரியும். செங்குத்தா எடுங்க. போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், முடி ஓரத்தையெல்லாம் தின்னுடும்.

கண்ணு பத்தி ஒண்ணு. நேஷனல் ஜியோகிராஃபிக் 1985 ஜூன் இதழ் அட்டைய பலரும் பாத்திருப்பீங்க, பச்சைக் கண்ணோட ஒரு ஆப்கான் பொண்ணு நேரா நம்மளப் பாக்கும். அந்த அட்டை அவ்வளவு பேருக்கு ஞாபகம் இருக்கறதுக்கு அந்தப் பார்வைதான் காரணம், மத்தபடி அதுல பெருசா ஒண்ணும் இல்ல. உங்க ஆளு மொபைலைப் பாக்கற மாதிரியும் எடுங்க, மொபைலை கீழ எறக்கிட்டு வெளிச்சம் முகத்துல இருக்கும்போதே கேமராவ நேராப் பாக்கற மாதிரியும் எடுங்க. எனக்கு ரெண்டாவதுதான் ஜெயிக்கும்னு படுது, சோர்ந்துபோன கண்ணு நேரா நம்மளப் பாத்தா பக்கத்தைத் திருப்பத் தோணும்.

ஃப்ரெண்டு கிட்ட இது அட்டைல வரும்னு தெளிவா சொல்லி சம்மதம் வாங்கிக்கோங்க, 18 வயசு ஆகலன்னா வீட்டுலயும் கேட்டுடுங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பி வாங்காதீங்க, சைஸ் சுருங்கிடும், டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

மூணாம்பெஞ்சு:

நானும் இதே மாதிரி ப்ராஜெக்ட் பண்ணியிருக்கேன், அதனால ஒரு விஷயத்துல பக்கக்கட்டு அண்ணா கூட கொஞ்சம் ஒத்துப்போகல. கவர் லைனைக் குறைக்கறது அழகுக்கு சரி, ஆனா மீடியா க்ளாஸ்ல பத்திரிகை அட்டைன்னா என்னென்ன இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமான்னும் பாப்பாங்க. தலைப்பு, தேதி, இதழ் எண், விலை, பார்கோடு, மெயின் வரி, கூட சில வரிங்க, இதெல்லாம் இல்லன்னா போஸ்டர் மாதிரி ஆயிடும். டைம் பத்திரிகை 1966 ஏப்ரல் 8 இதழ்ல படமே இல்லாம வெறும் எழுத்தை மட்டும் வச்சு அட்டை போட்டாங்க, கருப்புல சிவப்பு எழுத்து, கடவுள் இறந்துட்டாரான்னு ஒரே கேள்வி. ஆனா அது அதுக்கு முன்னாடி 40 வருஷத்துக்கு மேல வந்துக்கிட்டு இருந்த பத்திரிகை, 1927லேர்ந்து அந்த சிவப்பு பார்டர் இருக்கு, தூரத்துலேர்ந்து பாத்தாலே தெரியும். முதல் இதழ் போடற நமக்கு அந்த சலுகை கிடையாது.

பார்கோடை வேற பத்திரிகைலேர்ந்து வெட்டி ஒட்டாதீங்க, அது அவங்க பத்திரிகையோட நம்பர். பத்திரிகை பார்கோடு 977ல ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் ஐஎஸ்எஸ்என் (பத்திரிகைக்குக் குடுக்கற அடையாள நம்பர்) நம்பரோட முதல் ஏழு இலக்கம் வரும், மொத்தம் 13 இலக்கம். நீங்க டம்மியா ஒண்ணு பண்ணி, அது டம்மின்னு விளக்கத்துல எழுதிடுங்க. சுத்தி வெள்ளை இடம் விடுங்க.

பக்கக்கட்டு:

மூணாம்பெஞ்சு சொல்றது நியாயம்தான், நான் அழகை மட்டும் பாத்துப் பேசிட்டு இருந்தேன், மார்க்கும் வேணும்ல. தேதி, இதழ் எண், விலை மூணையும் தலைப்புக்குக் கீழ ஒரே மெல்லிசு வரியா வச்சிடுங்க, பார்கோடு கீழ ஒரு மூலைல. அப்படி வச்சா எல்லாமும் இருக்கும், ஆனா எதுவும் முகத்தோட போட்டி போடாது. கூட வர்ற கதைங்க மூணு இருக்கட்டும், அதுக்கு மேல வேண்டாம்ங்கறதுல மட்டும் நான் மாறல.

நீலமை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சிரிக்கிற போட்டோவும் தூங்காத கதையும் ஒட்டலைன்னு படிச்சதும்தான் டீச்சர் என்ன சொன்னாங்கன்னே முழுசா புரிஞ்சது. கட்டம் போட்டுப் பாத்தேன், முகம் கீழ வலது பக்கம், மெயின் வரி இடது நடுவுல. மெயின் வரி 'ரெண்டு மணிக்கும் முழிச்சிருக்கோம்', கீழ சின்னதா 'ஏன் யாருக்கும் தூக்கம் வரல?'

ரெண்டு டவுட். போட்டோஷாப்ல தமிழ் டைப் பண்ணா கொம்பு எழுத்துக்கு அப்புறமா போயி உக்காருது, 'கெ' எழுதினா உடைஞ்சு வருது. அப்புறம் தலை தலைப்பு மேல கொஞ்சம் ஏறி வர்ற மாதிரி வைக்கலாமா, பெரிய பத்திரிகைங்கள்ல அப்படித்தானே இருக்கு?

பக்கக்கட்டு:

வரி நல்லா இருக்கு, 'முழிச்சிருக்கோம்'னு தன்னையும் சேத்துச் சொல்றது படிக்கிற மாணவங்களை பக்கத்துல கூப்பிடுது, விளக்கத்துல இதைக் கண்டிப்பா எழுதுங்க.

கொம்பு விஷயம்: பழைய வெர்ஷன்னா செட்டிங்ஸ்ல டைப் பகுதிக்குப் போயி தெற்காசிய மொழிகளுக்கான ஆப்ஷனை ஆன் பண்ணிட்டு திரும்பத் திறங்க. அப்பவும் உடைஞ்சா இங்க்ஸ்கேப்ங்கற வரையற சாஃப்ட்வேர்ல எழுத்தை மட்டும் அடிச்சு, அதை 'பாத்' (path), அதாவது வெறும் கோட்டு வடிவமா மாத்திக் கொண்டு வாங்க, அதுல தமிழ் ஒழுங்கா வரும், இலவசமும் கூட. பாமினி மாதிரி பழைய ஃபான்ட் பக்கம் போகாதீங்க, யூனிகோட்ல இருக்கட்டும். தலைப்புக்கு பாலூ தம்பிங்கற ஃபான்ட் கனமா உருண்டையா இருக்கும், ஆனா உங்க கதைக்கு அது கொஞ்சம் குஷியாத் தெரியும், கேட்டமரான் போல்டு பாருங்க. சின்ன வரிக்கு முக்தா மலர் இல்லன்னா நோட்டோ சான்ஸ் தமிழ். எல்லாமே கூகுள் ஃபான்ட்ஸ்ல கிடைக்கும்.

தமிழ்ல வரி இடைவெளிய இங்கிலீஷுக்கு விடற அளவு விட்டாப் பத்தாது. மேல 'கி', 'ணி' சுழி ஏறும், கீழ 'ழு', 'மு' எறங்கும், ரெண்டும் மோதிக்கும். எழுத்து சைஸ் 40ன்னா இடைவெளி 54, 56 வரைக்கும் போங்க.

தலைப்பு மேல தலை ஏர்றது, எல்லாருக்கும் பழக்கமான பேரா இருந்தா பாதி மறைஞ்சாலும் படிச்சிடுவாங்க. 'முதல்மணி' புதுசு. நடுவுல 'ல்' மறைஞ்சா என்ன பேருன்னே தெரியாது, புள்ளி மட்டும் மறைஞ்சாக்கூட 'முதலமணி'ன்னு வாசிப்பாங்க. ஆசையா இருந்தா கடைசி 'ணி'யோட கீழ் ஓரத்துல முடி லேசா தொடற மாதிரி வைங்க, ஆழமும் கிடைக்கும் பேரும் பொழைக்கும்.

ஒளிப்பொட்டு:

ப்ரின்ட் எடுக்கப் போறீங்களா இல்ல பிடிஎஃப் மட்டுமா? ப்ரின்ட்ன்னா இருட்டுப் படம் திரைல தெரியறதவிட பேப்பர்ல இன்னும் கருத்துப்போயிடும், முகத்துல நிழல் பகுதிய கொஞ்சம் தூக்கி விடுங்க, திரைல லேசா வெளுத்த மாதிரி இருந்தா பேப்பர்ல சரியா வரும்.

நீலமை:

ப்ரின்ட்தான், கலர்ல. ஃபைல் சைஸ் எவ்வளவு வைக்கணும்?

பக்கக்கட்டு:

ஏ4 210க்கு 297 மில்லிமீட்டர், ஆனா ஃபைலை நாலு பக்கமும் 3 மில்லி கூட்டி 216க்கு 303னு ஆரம்பிங்க, வெட்டும்போது ஓரத்துல வெள்ளைக் கோடு தெரியாம இருக்க. 300 டிபிஐல (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 2551க்கு 3579 பிக்சல். போட்டோவ க்ராப் பண்ண பிறகும் கிட்டத்தட்ட அந்த அளவு மிச்சம் இருக்கணும், 12 மெகாபிக்சல் கேமரால செங்குத்தா எடுத்திருந்தா பயப்பட வேண்டாம். எழுத்தெல்லாம் வெட்டுற கோட்டுலேர்ந்து குறைஞ்சது 5 மில்லி உள்ள இருக்கட்டும். கலரை சிஎம்ஒய்கேக்கு (ப்ரின்ட் மையோட கலர் முறை) மாத்தி ஒருதடவை பாருங்க, மொபைல் வெளிச்சத்தோட அந்தப் பளிச்சுன்னு இருக்கற நீலம் அதுல மங்கிடும், அதை இப்பவே தெரிஞ்சிக்கிட்டு அதுக்கேத்த நீலத்தை எழுத்துக்கு எடுங்க.

ஃபைனல் ஆக்கறதுக்கு முன்னாடி படத்தை தீப்பெட்டி சைஸுக்கு சுருக்கி, கலரை எடுத்துட்டு கருப்பு வெள்ளைல பாருங்க. பேரு, முகம், மெயின் வரி மூணும் அப்பவும் தெரிஞ்சா ப்ரின்டுக்கு அனுப்பலாம். முடிஞ்சா அந்த கட்டம் போட்ட பேப்பரையும் போட்டோ எடுத்து விளக்கத்தோட சேத்துக் குடுங்க, எதை யோசிச்சு எதை விட்டீங்கன்னு டீச்சருக்கு அதுலயே தெரியும்.