சதுர அடி – சதுர மீட்டர்: இருப்பும் பேக்கிங் லிஸ்ட்டும் ஒட்டவில்லை

ராணிப்பேட்டை_ஸ்டோர்:
ஃபினிஷ்டு ஆட்டுத்தோல் கணக்கை இஆர்பிநெக்ஸ்ட் என்ற சரக்கு-கணக்கு மென்பொருளில் ஏற்றியிருக்கிறோம். ஸ்டாக் யூனிட் (இருப்பைக் கணக்கிடும் அலகு) சதுர அடி. வெளிநாட்டு பையர் சதுர மீட்டரில் இன்வாய்ஸ் கேட்பதால், ஐட்டம் மாஸ்டரில் சதுர மீட்டரையும் சேர்த்து கன்வெர்ஷன் ஃபேக்டர் (யூனிட் மாற்றப் பெருக்கும் எண்) 0.093 என்று கொடுத்திருக்கிறது. மூன்று சிக்கல்.

245 சதுர மீட்டருக்கு டெலிவரி நோட் போட்டால் இருப்பில் 22.785 சதுர அடிதான் கழிகிறது.

500 பீஸ் உள்ள ஒரு லாட். பேக்கிங் லிஸ்ட்டில் மொத்தம் 2,640¼ சதுர அடி. தோலில் போட்ட அளவை ஒவ்வொன்றாக டைப் செய்து ஏற்றினால் 2,527.3 தான் வருகிறது. எந்த லாட்டை எடுத்தாலும் குறைவாகவே வருகிறது, கூடுதலாக ஒருமுறைகூட வரவில்லை.

உப்புத்தோல் (உப்பிட்ட கச்சாத்தோல்) கிலோ கணக்கில் வருகிறது. கிலோவுக்கு இத்தனை சதுர அடி என்று ஃபேக்டர் போட வழி உண்டா?

பாலாற்றங்கரை:
முதல் சிக்கலில் ஃபேக்டர் தலைகீழாக இருக்கிறது. அந்தக் கட்டம் கேட்பது, நீங்கள் சேர்க்கும் ஒரு யூனிட்டில் எத்தனை ஸ்டாக் யூனிட் என்பதை. ஒரு சதுர மீட்டரில் 10.7639104 சதுர அடி, அதைத்தான் போட வேண்டும். 0.09290304 என்பது எதிர்த்திசைக்கான எண். ஒரு அடி சரியாக 0.3048 மீட்டர் என்பதால் அதன் வர்க்கமான இதுவும் துல்லியமான எண்தான், தோராயம் இல்லை.

உங்களுக்கு 0.093 என்று நின்றதைப் பார்த்தால் சிஸ்டம் செட்டிங்ஸில் ஃப்ளோட் பிரிசிஷன் (எத்தனை தசம இடம் வரை வைக்கும் என்பது) 3 ஆக இருக்கும். முதலில் அதைக் கூட்டிவிட்டு, பிறகு ஃபேக்டரை டைப் செய்யுங்கள். வரிசை மாறினால் மறுபடியும் வெட்டிவிடும்.

மாஸ்டரைத் திருத்தியதும் பழையது சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சப்மிட் ஆன ஒவ்வொரு வரியும் அன்றைய ஃபேக்டரைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். தப்பான டெலிவரி நோட்டுகளை கேன்சல் செய்து, அமெண்ட் செய்து (திருத்துவதற்கு நகல் எடுத்து), வரியில் புது ஃபேக்டர் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சப்மிட் செய்யுங்கள். விலையையும் ஒரு கண் பாருங்கள்: சதுர அடி 90 ரூபாய் என்றால் சதுர மீட்டர் 968.75.

ஆம்பூர்_லாட்புக்:
இரண்டாவது சிக்கலுக்கு மென்பொருள் பொறுப்பில்லை. தோலில் அளவு போடும்போது முழு எண்ணுக்கு மேலே சின்னதாக, கால் அடிக்கு 1, அரைக்கு 2, முக்காலுக்கு 3 என்று எழுதுவது இந்தத் தொழில் வழக்கம். 5³ என்றால் ஐந்தே முக்கால். டைப் செய்பவர் அதை 5.3 என்று அடித்தால் அந்தத் தோலில் 0.45 சதுர அடி போச்சு. 4² என்பது 4.2 ஆனால் 0.3 போச்சு, 6¹ என்பது 6.1 ஆனால் 0.15. முழு அடியாக வருவதில் நஷ்டமில்லை. சராசரி பார்த்தால் பீஸுக்கு 0.225, 500 பீஸுக்கு 112 சொச்சம். உங்கள் வித்தியாசம் 112.95. அதனால்தான் எப்போதும் குறைவு மட்டுமே.

உறுதி செய்வது சுலபம். அந்த லாட்டை எக்செலில் எடுத்துப் பாருங்கள். புள்ளிக்குப் பின்னால் 4 முதல் 9 வரை எந்த இலக்கமும் இல்லை என்றால் இதேதான்.

திருத்த: முழு எண்ணைத் தனியாகப் பிரித்து, மிச்சத்தைப் பத்தால் பெருக்கி, முழு எண்ணாக ரவுண்ட் செய்து, நாலால் வகுத்துக் கூட்டுங்கள். ரவுண்டை விட்டுவிடாதீர்கள். 5.3-இலிருந்து 5-ஐக் கழித்தால் கம்ப்யூட்டருக்குள் 0.2999… என்றுதான் நிற்கும். எலக்ட்ரானிக் மெஷினிலிருந்து நேராக இறங்கிய லாட்டுகளில் இதை ஓட்டக்கூடாது. அங்கே 5.3 நிஜமாகவே 5.3.

வாணியம்பாடி_கச்சாத்தோல்:
கிலோவுக்கு ஃபேக்டர் போடாதீர்கள். எடையில் உப்பு, ஈரம், முடி, சதை எல்லாம் கலந்திருக்கிறது. தடிமன் மாறினால் அதே எடைக்குப் பரப்பும் மாறும். உப்புத்தோலைக் கிலோவில் ஒரு ஐட்டமாகவும், ஃபினிஷ்டு லெதரைச் சதுர அடியில் வேறு ஐட்டமாகவும் வையுங்கள். நடுவில் ஸ்டாக் என்ட்ரி (ஒன்றைக் கழித்து மற்றதை ஏற்றும் பதிவு) போட்டு, அளந்து வந்ததை பேட்ச் நம்பரோடு ஏற்றுங்கள். பீஸ் எண்ணிக்கையை பேட்சில் தனிக் கட்டமாக வைத்தால் போதும். கிலோவுக்கு எவ்வளவு கிடைத்தது என்பது அதற்குப் பிறகு பார்க்கும் ரிப்போர்ட்.

பையர் சதுர டெசிமீட்டர் கேட்டால் (ஒரு சதுர அடி = 9.290304) பேக்கிங் லிஸ்ட்டில் மட்டும் காட்டுங்கள். ஜிஎஸ்டி யூனிட் பட்டியலில் சதுர அடி, சதுர மீட்டர் உண்டு, டெசிமீட்டர் கிடையாது. எந்த யூனிட்டானாலும் லாட் மொத்தத்தை மாற்றுங்கள், தோல் தோலாக வேண்டாம். ஒவ்வொரு தோலையும் இரண்டு தசமத்தோடு கீழ்நோக்கி வெட்டினால் 500 பீஸில் சுமார் 2.5 சதுர மீட்டர் காணாமல் போகும். அது 27 சதுர அடி.

ராணிப்பேட்டை_ஸ்டோர்:
பார்த்துவிட்டேன், புள்ளிக்குப் பின்னால் 0 முதல் 3 வரைதான் இருக்கிறது. இந்த லாட்டில் இன்னும் எதுவும் விற்கவில்லை. ஸ்டாக் ரீகன்சிலியேஷனில் (இருப்பை நேராகத் திருத்தும் பதிவு) 2,640.25 என்று மாற்றினால் போதுமா?

பாலாற்றங்கரை:
அளவை மட்டும் மாற்றினால் சரக்கு மதிப்பு ஏறி, இல்லாத லாபம் ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட் கணக்கில் போய் உட்காரும். வேல்யூவேஷன் ரேட்டையும் (இருப்பில் ஒரு சதுர அடிக்கு வைத்திருக்கும் மதிப்பு) சேர்த்துக் குறையுங்கள். இப்போது 95 ரூபாய் என்றால் 2,527.3 × 95 ÷ 2,640.25, அதாவது சுமார் 90.94. கணக்கு முடிந்த மாதத்துத் தேதியில் போடாமல் இன்றைய தேதியிலேயே போடுங்கள்.