வில் வைத்துக் கடைந்தால் புகை வருகிறது, தணல் மட்டும் வரவில்லை

தீப்பெட்டி, லைட்டர் இல்லாமல் தீ மூட்டப் பழகி மூன்று வாரம் ஆகிறது. வில்லும் கடைகோலும் வைத்துத்தான்: வில்லின் கயிற்றில் கோலைச் சுற்றி, அடிப்பலகைக் குழியில் அழுத்திச் சுழற்றுவது. இதுவரை இருபது தடவைக்கு மேல் முயன்றும் ஒரு தணல்கூட விழவில்லை.

இடம் ஒரத்தநாடு பக்கம், வீட்டுப் பின்கட்டு. அடிப்பலகை காய்ந்த முருங்கை, ஒன்றரை செ.மீ. கனம். கோல் பூவரசு, சுமார் 20 செ.மீ. மூங்கில் வில்லில் நைலான் கயிறு. மேலே அழுத்திப் பிடிக்கக் கொட்டாங்கச்சி, உள்ளே கொஞ்சம் தேங்காய் எண்ணெய். குழியின் ஓரத்தில் நடுப்பகுதிவரை ஆப்பு வடிவில் வெட்டும் போட்டிருக்கிறேன்.

ஒரு நிமிடத்தில் நல்ல புகை வருகிறது. ஆனால் வெட்டில் சேரும் தூள் வெளிர் பழுப்பாகவே இருக்கிறது, கருக்கவில்லை. கையை நிறுத்தினால் பத்து விநாடியில் புகையும் போய்விடும். முதலில் கீச்சென்று சத்தம் வந்து குழி பளபளத்தது. துளி மணல் போட்டதும் அது சரியானது. கயிறு வழுக்கியதற்கு இறுக்கிக் கட்டினேன். கட்டைகளை நான்கு நாள் வெயிலிலும் காயவைத்தேன், நடுவில் ஒரு நாள் மழை கெடுத்தது. தணலைப் போட்டு ஊதத் தேங்காய் நார் உருண்டை மட்டும் தயாராகக் காத்திருக்கிறது!

யாகசாலையில் அரணி (தீக்கடையும் கட்டை) கடைவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே கயிறு இழுக்க ஆள் மாற்றிக்கொள்வார்கள், இங்கே நான் ஒருவன்தான்.

இதே முறையில் தணல் எடுத்தவர்கள் சொல்லுங்கள்: தூள் பழுப்பாகவே நிற்பதற்குக் காரணம் என் அழுத்தமும் வேகமும் போதாததா, இல்லை பூவரசுக் கோலையே மாற்ற வேண்டுமா?