புதுப்பிப்பு: பழவேற்காட்டுப் படகின் மின்மோட்டாரும் பேட்டரி இணைப்பும்

பழவேற்காடு ஏரியில் ஓடும் எங்கள் சிறு படகின் 24 வோல்ட் ட்ரோலிங் மோட்டார் (படகைச் செலுத்தும் சிறு மின்மோட்டார்), வேகத்தைக் கூட்டியவுடன் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது என்றும், தொடர் இணைப்பிலுள்ள இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளும் முழு மின்னேற்றமே காட்டுகின்றன என்றும் முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

மோட்டார் ஓடாதபோது எடுக்கும் வோல்ட் அளவை நம்பிப் பயனில்லை. மின்னோட்டம் பாயாத நிலையில், அரித்துப்போன இணைப்பும் நல்ல இணைப்பைப் போலவே அளவு காட்டும். ஆகவே விசிறி நீரில் முழுகியிருக்க மோட்டாரை ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி முனையிலும் மறுமுனையை ஒயரின் கடைசியிலும் வைத்து, ஒவ்வொரு ஒயராக அளந்தோம். மற்றவற்றில் வோல்ட் இழப்பு அற்பமாக இருக்க, ஒரு பேட்டரியின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு சேர்க்கும் குட்டை ஒயரில் மட்டும் 2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தது. அதன் லக்கும் (பேட்டரியில் மாட்டும் ஒயர்முனை உலோகத் துண்டு) சூடேறியிருந்தது. உறையைக் கீறியபோது செம்புக் கம்பிகள் பச்சை பூத்திருந்தன. முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறும் ஏரியில் இது வியப்பில்லை.

வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில், முன்னதைவிடத் தடித்த ஒயர் போட்டு, லக்கை அழுத்திப் பொருத்தி, ஈரம் புகாமல் மூடிவிட்டோம். மோட்டார் இப்போது முழு வேகத்தில் நிற்காமல் ஓடுகிறது.

சூளூர்பேட்டைக் கடைக்காரர் ஒரு பேட்டரியை மட்டும் மாற்றச் சொன்னார். தொடர் இணைப்பில் பழையது முதலில் தீர்ந்து சீக்கிரம் கெடும் என்பதால் நான் இசையவில்லை. ஃபியூஸ் எங்கே என்று கேட்டவருக்கு: பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே வைத்திருக்கிறோம்.