ஹனுக்கா விழா: 250 லாட்கே (பொரித்த உருளைக்கிழங்கு அடை) மொறுமொறுப்பாக இருக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். நியூயார்க்கில் எங்கள் யூத சமூக மையத்தின் ஹனுக்கா மாலை விருந்துக்கு உதவி தேவை. ஹனுக்கா என்பது தினம் ஒரு விளக்கு கூட்டி ஏற்றும் எட்டு நாள் யூதப் பண்டிகை. 2026இல் முதல் விளக்கு டிசம்பர் 4, வெள்ளி. அன்று சூரியன் மறையுமுன்பே ஏற்றி முடிக்க வேண்டும், பிறகு சபாத், அதாவது சனி இரவு வரையிலான யூத ஓய்வு நாள். அடுப்பைத் தொட முடியாது. ஆகவே விருந்து ஞாயிறு, மூன்றாம் விளக்கு ஏற்றும் மாலை.

சிக்கல் லாட்கேயில்தான். தோல் சீவாத கணக்கில் 15 கிலோ உருளைக்கிழங்கு, 3 கிலோ வெங்காயம், 30 முட்டை, 600 கிராம் மாட்சா மாவு (புளிக்காத ரொட்டியைப் பொடித்தது). யூத உணவு விதிப்படி முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்து, ரத்தப்பொட்டு இல்லை என்று பார்த்த பிறகே சேர்ப்போம். துருவலைத் துணியில் கட்டிப் பிழிந்து, அந்த நீரைப் பத்து நிமிடம் தெளிய விட்டு, அடியில் படியும் வெள்ளை மாவை மட்டும் திரும்பச் சேர்க்கிறோம். வெங்காயத்தைச் சேர்த்தே துருவினால் கிழங்கு சீக்கிரம் கறுக்காது. எண்ணெய் 180 டிகிரி. அதற்குக் கீழே போனால் எண்ணெய் குடித்துவிடும்.

பொரித்ததும் அருமையாக இருக்கிறது. தட்டில் அடுக்கி ஃபாயில் மூடினால் இருபதே நிமிடத்தில் ஆவி பட்டுத் தொய்ந்துபோகிறது. கம்பி வலையில் பரப்பி 220 டிகிரி ஓவனில் எட்டு நிமிடம் வைத்தால் மீள்கிறது, ஆனால் இருப்பது ஒரே ஓவன், ஒரு தடவைக்கு 40தான் கொள்ளும்.

முன்கூட்டியே முக்கால் பதம் பொரித்து உறையவைத்தவர்கள் உண்டா? உறைந்தபடியே ஓவனில் வைக்கலாமா? புளித்த கிரீமும் பரிமாறுவதால், பாலையும் இறைச்சியையும் நாங்கள் சேர்த்து உண்ணாததால், இறைச்சிக் கொழுப்பு யோசனை மட்டும் வேண்டாம்.