தனுஷ்கோடி: டிசம்பர் 22 ஆ, 23 ஆ? நம் கடற்கரையின் நாள்களைத் தேதி பிசகாமல் எழுத உதவி வேண்டும்

கேட்டவர்: ஓலைக்குடா

வணக்கம். ஊர் நூலக வாசலில் "இந்த நாளில் நம் கடற்கரை" என்று ஒரு பலகை வைக்கப் போகிறோம். மாதத்துக்கு ஒரு தாள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள், அதனால் தேதி தப்பாகிவிடக் கூடாது. ஆனால் கையில் இருக்கிற பட்டியல்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை.

தனுஷ்கோடிப் புயல் ஒன்றில் டிசம்பர் 22, இன்னொன்றில் 23. விவேகானந்தர் பாம்பனில் இறங்கியது ஜனவரி 26 என்றும் 27 என்றும் இருக்கிறது. ஓரியூர் அருளானந்தர் பலியானது 1693 பிப்ரவரி 4 என்கிறார்கள். அது பழைய ஜூலியன் கணக்கா, இப்போதைய கணக்கா? கச்சத்தீவு ஒப்பந்தத்துக்கும் ஜூனில் இரண்டு தேதி கிடைக்கிறது. ஏர்வாடி சந்தனக்கூடு, ஆடி அமாவாசை போல வருடா வருடம் நகர்கிற நாள்களை எப்படிப் போடுவது என்றும் தெரிய வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: சேதுக்கரை

தனுஷ்கோடியில் இரண்டு தேதியும் சரி. எதற்கு எந்தத் தேதி என்று பிரிக்காததால்தான் குழப்பம்.

வரிசையாகப் பாருங்கள். 1964 டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் தாழ்வு உருவாகிறது. 19 வாக்கில் புயலாகிறது. 22 அன்று இலங்கையின் வவுனியாப் பக்கம் கடந்து பாக் நீரிணைக்குள் வருகிறது. அன்று இரவே தனுஷ்கோடியில் ஏறுகிறது. 653 ஆம் எண் பாசஞ்சர் ரயில் பாம்பனை விட்டுக் கிளம்பியது 22 இரவு 11.55க்கு. தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அடித்தது, அதாவது நள்ளிரவு தாண்டி. ஆக ரயில் கிளம்பியது 22, மூழ்கியது 23. பலகையில் "1964 டிசம்பர் 22 செவ்வாய் இரவு, 23 புதன் அதிகாலை" என்று கிழமையோடு எழுதுங்கள். கிழமை எழுதினால் இன்னொரு வசதி உண்டு: 28 வருடத்துக்கு ஒரு முறை அதே காலண்டர் திரும்பி வரும் என்பதால் 1964, 1992, 2020 மூன்றுக்கும் கிழமை ஒன்றே. பழைய 2020 காலண்டரைப் புரட்டி யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

இன்னொன்றை நம் கடற்கரையில் மறந்துவிடக் கூடாது. இங்கே மூன்று சமயத்து மக்களும் இருக்கிறோம், நாள் தொடங்குகிற நேரம் மூன்று விதம். ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறுகிறது. தமிழ்க் கணக்கில் விடிந்தால்தான் மறுநாள். அந்த ராத்திரி முழுவதும் குரோதி வருடம் மார்கழி மாதத்துச் செவ்வாய்க்கிழமையைச் சேர்ந்தது. ஹிஜ்ரிக் கணக்கில் மஃக்ரிபோடு, அதாவது சூரியன் மறைந்ததும், அடுத்த நாள் பிறந்துவிடும். அந்த ராத்திரி முழுவதும் புதனைச் சேர்ந்தது (1384, ஷஃபான் மாதம்). ஒரே சாவுக்கு மூன்று வீட்டில் மூன்று விதமாக நாள் சொன்னால் மூன்றும் பொய்யில்லை. பலகைக்கு ஆங்கிலத் தேதி போதும். ஆனால் யாராவது வந்து "எங்க தாத்தா இறந்தது 23 இல்ல" என்றால் அடித்துத் திருத்தச் சொல்லி நிற்காதீர்கள். திதி கொடுக்கிறவர்கள் பார்ப்பது தமிழ் மாதம், பட்சம், திதி. 19 ஆம் தேதி பௌர்ணமி, சந்திர கிரகணமும் அன்றுதான். ஆகவே புயல் ராத்திரி தேய்பிறை. துல்லியமான திதிக்குக் குரோதி வருடப் பஞ்சாங்கத்தைத்தான் பார்க்க வேண்டும். வாக்கியம், திருக்கணிதம் என்கிற இரண்டு பஞ்சாங்க முறையும் சில நாழிகை விலகும் என்பதால் எது என்று குறித்துவிடுங்கள்.

செய்தித்தாளைப் பார்த்துத் தேதி எடுக்கிறவர்கள் வழக்கமாக இடறுகிற இடமும் இதுதான். தாளின் தலைப்பில் இருப்பது அச்சிட்ட நாள். உள்ளே "நேற்று", "நேற்று முன்தினம்" என்று இருப்பதைக் கழித்துத்தான் சம்பவ நாளுக்கு வர வேண்டும். தனுஷ்கோடியில் தந்தி, தண்டவாளம் எல்லாம் அறுந்துபோனதால் செய்தி வெளியே வரவே தாமதமானது.

எண்களிலும் கவனம் வேண்டும். ரயிலில் போனவர்கள் 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது பதிவு. 1800 என்பது புயலில் மொத்தமாக இறந்தவர்களுக்குச் சொல்லப்படுகிற கணக்கு. இரண்டையும் ஒரே வரியில் போட்டால் "ரயிலில் 1800 பேர்" என்று பிள்ளைகள் எழுதிவிடும், பல இடத்தில் அப்படியே பரவியிருக்கிறது. பாம்பன் ரயில் பாலத்தில் 145 கர்டரில் (இரும்பு உத்திரத்தில்) 126 போயின. நடுவில் திறக்கிற ஷெர்சர் தூக்குப் பகுதி தப்பியது. பாலத்தைத் திரும்பக் கட்டிய பணிக்குப் பொறுப்பாக இருந்தவர் பொறியாளர் இ. ஸ்ரீதரன். அது டிசம்பர் தாளில் வர வேண்டாம், 1965 தொடக்கத்துச் சங்கதி.

பதில் 2: குந்துகால்

பாம்பன் தேதிகளைத் தருகிறேன்.

ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. கட்டத் தொடங்கியது 1911. அகல ரயில் பாதையாக மாறித் திரும்ப ஓடியது 2007 ஆகஸ்ட் 12. சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2, ராஜீவ் காந்தி திறந்தார். செங்குத்தாக உயர்கிற புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6. இந்தக் கடைசியில் ஒரு சிக்கல்: அன்று ராமநவமி. "ராமநவமியில் திறந்தது" என்று மட்டும் எழுதினால் அடுத்த வருடமே தேதி தவறிவிடும், ராமநவமி ஏப்ரல் 6இல் நிற்காது. ஆண்டு நிறைவு ஏப்ரல் 6தான்.

விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து பாம்பனில் கால் வைத்தது 1897 ஜனவரி 26, செவ்வாய். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். மறுநாள் 27 அன்று ராமேஸ்வரம் கோயிலில் பேசினார். வந்த நாளையும் பேசிய நாளையும் கலந்துவிடுவதால்தான் இரண்டு தேதி. 26க்கும் 27க்கும் தனித்தனி வரி கொடுங்கள். ஜனவரி 26 கட்டத்தில் குடியரசு நாள் இருக்கிறதே என்று இதை 27க்குத் தள்ளிவிடுகிற பழக்கம் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். பாம்பனுக்கு அது பெரிய நாள்.

கலாம் ஐயாவுக்கு மூன்று தேதி: பிறப்பு 1931 அக்டோபர் 15, மறைவு 2015 ஜூலை 27, ஷில்லாங்கில், ராமேஸ்வரம் பேக்கரும்பில் அடக்கம் ஜூலை 30. நினைவிடம் திறந்தது 2017 ஜூலை 27. ஜூலை 30ஐ மறைவு நாள் என்று போட்டிருக்கிற அட்டைகள் உண்டு.

பதில் 3: தொண்டிக் கழி

ஓரியூர் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. பதில்: பிப்ரவரி 4 இப்போதைய கிரிகோரியன் கணக்குத்தான். திருத்த வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். போர்ச்சுகல் 1582லேயே கணக்கை மாற்றிக்கொண்டது. அங்கே அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. அருளானந்தர் லிஸ்பனில் பிறந்த சேசு சபை (கத்தோலிக்கத் துறவியர் சபை) குரு, அவரைப் பற்றி எழுதிவைத்த சபையாரும் புதிய கணக்கில்தான் தேதி போட்டார்கள். ஆங்கிலேயர் மாறியது 1752இல். அன்றைக்குச் சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயனுக்கு அதே நாள் ஜனவரி 25. அதுவும் அவர்களுக்கு வருடம் மார்ச் 25இல்தான் பிறந்தது, ஆகவே 1692 ஜனவரி 25 என்றே எழுதியிருப்பான். 1700க்கு முன் ஆங்கிலேயர் பதிவு என்றால் 10 நாள் கூட்டுங்கள். 1700 மார்ச்சிலிருந்து 1752 செப்டம்பர் வரை 11. அதற்குப் பிறகு ஒன்றும் வேண்டாம். போர்ச்சுக்கீசியர், சேசு சபையார் பதிவுக்கு எதுவும் கூட்டக் கூடாது. இரண்டு முறை திருத்திப் பிப்ரவரி 14 ஆக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரிபார்க்க ஒரு வழியும் இருக்கிறது. 1693இல் ஈஸ்டர் மார்ச் 22, அதைவிட முன்னால் ஈஸ்டர் வரவே முடியாது. அதற்கு 46 நாள் முன்னால் சாம்பல் புதன். கழித்துப் பாருங்கள், பிப்ரவரி 4 வரும், கிழமையும் புதன். பழைய கணக்காக இருந்திருந்தால் இந்தப் பொருத்தம் விழாது. அவர் தவக்காலம் தொடங்குகிற நாளில் பலியானார் என்பதையும் பலகையில் ஒரு வரி எழுதுங்கள். கிழவன் சேதுபதி காலம். புனிதர் பட்டம் 1947 ஜூன் 22.

சேதுபதிகளின் செப்பேடு, கல்வெட்டுத் தேதிகளையும் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். அதில் சக ஆண்டும் (பழைய சாசனங்களில் வருகிற ஆண்டுக் கணக்கு) அறுபதாண்டுச் சுழற்சியின் பெயரும் இருக்கும். சக ஆண்டோடு 78 கூட்டுங்கள்; தை முதல் பங்குனி வரை என்றால் 79. மார்கழிக் கடைசி நாள்களில் மட்டும் ஆங்கில வருடம் மாறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆண்டுப் பெயரை வைத்துச் சோதியுங்கள். அந்தத் தமிழ் ஆண்டின் சித்திரை விழுந்த ஆங்கில ஆண்டில் 1866ஐக் கழித்து 60ஆல் வகுத்தால் வருகிற மீதி, பிரபவ முதல் எண்ணிய வரிசை எண். 1964: மீதி 38, குரோதி. விவேகானந்தர் வந்தது தை மாதம், ஆகவே 1896ஐ எடுக்க வேண்டும்: மீதி 30, துன்முகி. 1866க்கு முந்தியது என்றால் 60 இன் மடங்கைக் கூட்டிக்கொண்டு செய்யுங்கள். சக 1600 என்றால் 1678. அதோடு 300 கூட்டினால் 1978, மீதி 52, காளயுக்தி. கல்லில் வேறு பெயர் இருந்தால் சக எண்ணைப் படித்ததில் பிழை, அல்லது முடிந்த ஆண்டை எண்ணாமல் நடப்பாண்டை எண்ணியிருக்கிறார்கள். அப்போது ஒன்று குறைத்துப் பாருங்கள். பெயரும் எண்ணும் ஒத்துவராத தேதியைப் பலகையில் ஏற்றவே வேண்டாம்.

ஓலைக்குடா:

மிக்க நன்றி அண்ணே. ஓரியூரில் 10 நாள் கூட்டத்தான் இருந்தேன், நிறுத்திவிட்டேன். நகர்கிற நாள்களும் கச்சத்தீவும் பாக்கி. ஏர்வாடித் தீ விபத்தையும் போட வேண்டும் என்று நூலகத்தில் ஒரு அக்கா சொல்கிறார்கள்.

பதில் 4: கீழக்கரை ஜெட்டி

அக்கா சொல்வது சரி, கட்டாயம் போடுங்கள். 2001 ஆகஸ்ட் 6, திங்கள் அதிகாலை. தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள், இறந்தோர் 28. "தர்கா தீ விபத்து" என்று எழுதாதீர்கள், எரிந்தது தர்கா இல்லை, காப்பகம். அதற்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது, அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. அந்த வரியும் சேர்ந்தால்தான் அந்தத் தேதி ஏன் நினைவில் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழா ஹிஜ்ரிக் கணக்கின் துல்கஃதா மாதத்தில். ஹிஜ்ரி வருடம் 354 அல்லது 355 நாள், அதனால் ஆங்கிலத் தேதி வருடத்துக்கு 10 முதல் 12 நாள் முன்னால் வரும். பிறை பார்த்து மாதம் பிறந்த பிறகே உறுதி. ஆகவே பலகையில் பெயிண்டில் எழுதுகிற பகுதி வேறு, சொருகுகிற சீட்டு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையான தேதி எல்லாம் பெயிண்டில். ஹிஜ்ரி, திதி, ஈஸ்டர் கணக்கில் வருவது எல்லாம் சீட்டில். சீட்டு சொருக இரும்புத் தகடு வேண்டாம், நம் உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. அலுமினியச் சட்டம் போடுங்கள், திருகாணியும் எவர்சில்வரில்.

ஆடி அமாவாசை ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை எங்கேயும் விழும். திதி இரண்டு நாளில் பரவினால் எந்த நாள் என்பதை ராமேஸ்வரம் கோயில் அறிவிப்பைப் பார்த்து எழுதுங்கள், தினசரிக் காலண்டரை நம்பி முடிவு செய்ய வேண்டாம். தை அமாவாசைக்கும் அப்படியே.

பதில் 5: சேதுக்கரை

கச்சத்தீவு ஒப்பந்தம் 1974 ஜூன் 26, 28. கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்க கையெழுத்திட்டது 26, புதுதில்லியில் இந்திரா காந்தி கையெழுத்திட்டது 28. ஒரே தாளில் இரண்டு ஊரில் இரண்டு நாள். நடைமுறைக்கு வந்தது ஜூலை 8. 1976 மார்ச் 23 ஒப்பந்தம் வேறு, அது மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுத்தது. இரண்டையும் "கச்சத்தீவு ஒப்பந்தம்" என்றே எழுதிவிடுவதால் தேர்வில் வருடம் தவறுகிறது.

கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழா தவக்காலத்தில், ஈஸ்டரைப் பொறுத்து நகரும். 2024இல் பிப்ரவரி 23, 24. 2025இல் மார்ச் 14, 15. சீட்டுப் பகுதிக்கு.

ராமநாதபுரம் மாவட்டம் உருவானது 1910 ஜூன் 1. சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகள் பிரிந்தது 1985 மார்ச் 15. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 1989 பிப்ரவரி 18; 21 தீவுகள் கொண்ட தேசியப் பூங்கா அதற்கு முன்பே, 1986. மண்டபத்தில் வெகுகாலம் தலைமையகம் வைத்திருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1947 பிப்ரவரி 3.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மீனவர் ஊர்ப் பலகையில் இல்லாமல் இருக்கக் கூடாதது மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, இரண்டு நாளும் சேர்த்து 61 நாள். 2017க்கு முன்பு 45 நாள், மே 29இல் முடிந்தது. பழைய பட்டியலிலிருந்து நகலெடுத்தால் அந்தத் தேதி வந்துவிடும். விசைப்படகுக்குத்தான் தடை, நாட்டுப்படகுக்கு இல்லை என்பதையும் எழுதுங்கள். ஏப்ரல் 14 நள்ளிரவில் தொடங்குவதால் படகு அதற்குள் கரை திரும்பியிருக்க வேண்டும். ஆகவே இந்த ஒரு வரியை ஏப்ரல் 15 கட்டத்தில் போடாமல் 14 கட்டத்திலேயே போடுங்கள்.