மறு: மெரியன் படங்கள் – ‘வெல்லம்’ தோலுக்குத் தமிழ்ச்சொல்

> அருங்காட்சியகக் குறிப்பில் “வெல்லம் மீது நீர்வண்ணம்” என்றிருக்கிறது. ‘பதனிட்ட தோல்’ என்று போட்டுவிடலாமா?

ஐயா, வணக்கம்.

எழுதவும் வரையவும் பயன்பட்ட vellum என்ற விலங்குத் தோலை ‘வெல்லம்’ என்று ஒலிபெயர்க்க வேண்டவே வேண்டாம், எறும்பு மொய்க்கும். ஆனால் ‘பதனிட்ட தோல்’ அதைவிட மோசம். பேரணாம்பட்டில் யாரிடம் சொன்னாலும் செருப்புத் தோல்தான் நினைவுக்கு வரும். ஆவாரம்பட்டைச் சாற்றிலோ குரோமிலோ ஊறப்போட்டுத் தோலின் தன்மையையே மாற்றுவதுதான் பதனிடுதல். பூச்சி, செடி ஓவியர் மரியா சிபில்லா மெரியன் வரைந்த தோல் அந்தத் தொட்டிப் பக்கமே போனதில்லை.

சுண்ணாம்புத் தொட்டி வரைக்கும் நம்மூர் தோல் ஷாப்பு வேலையேதான்: பச்சைத்தோலை ஊறவைத்து, முடி வழித்து, சவ்வைச் சீவுவது. அதற்கப்புறம் வழி பிரிகிறது. ஈரத்தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைக்கத்தியால் சுரண்டி, அந்த இழுவிசையிலேயே காயவிடுவார்கள். பறைக்குக் கட்டுகிற தோலுக்கு இது பங்காளி முறை.

இப்படிக் காய்ந்த தோலில் நிறம் உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும். 1705-இல் மெரியன் வெளியிட்ட சூரினாம் பூச்சி நூலின் 18-ஆம் படத்துக்கு பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் தோல்படி ஒன்று உண்டு. கொய்யாக் கிளையில் ரீங்காரச் சிட்டைப் பிடித்திருக்கும் சிலந்தியின் காலைப் பெரிதாக்கிப் பாருங்கள், மயிர் மயிராகத் தெரியும். தாளில் இது இவ்வளவு சுலபமில்லை.

வாணியம்பாடி அக்கா சொன்ன ‘கன்றுத்தோலேடு’ எனக்கும் பிடித்தது. ஆனால் கன்றா, ஆட்டுக்குட்டியா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் முடியாத காரியம். தெரியாத விலங்கைச் சொல்லுக்குள் ஏன் கட்டிப்போட வேண்டும்? ‘ஏடு’ம் இடிக்கிறது, இவற்றில் பல தனிப்படங்கள்.

என் பரிந்துரை: வரைதோல்.

பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து சேர்ந்த விலங்கு, செடிப் படங்கள் ஏறத்தாழ 7,000 இருக்கின்றன. ஆர்லியன் கோமகன் காஸ்தோனுக்காக நிக்கோலா ரொபேர் வரைந்தவற்றில் தொடங்கிய தொகுப்பு அது. அதன் பெயரே தோலை வைத்துத்தான். ‘அரசரின் வரைதோல்கள்’ என்றால் நிற்கிறது. ‘அரசரின் பதனிட்ட தோல்கள்’ என்றால் ராணிப்பேட்டை ஏற்றுமதி பில் மாதிரி இருக்கும்.

– சத்துவாச்சாரியிலிருந்து

> தம்பி, ‘வரை’ என்றால் மலை என்றும் வருமே? மலைத்தோல் என்று எடுத்துக்கொண்டால்?

வராது அக்கா. வரைபடம், வரைகலை எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன, யாரும் மலையேறவில்லை. ஐயா மறுக்காவிட்டால் ‘வரைதோல் மீது நீர்வண்ணம்’ என்றே குறிப்பைத் திருத்திவிடலாம். அதே வரியில் வரும் ஒளிபுகா வண்ணத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், அதில் சண்டை பெரிதாக இருக்கும்.